வீட்டுப் படம் போட்ட போர்டு

உட்காருங்கள், உட்காருங்கள். பிள்ளைகள் வரும்வரை நமக்கு இந்த பெஞ்சுதான். அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒன்றுமில்லை, ஒரு போர்டு. கீறல் விழக்கூடாதே என்று பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நீங்கள் கூட்டிவருவது இன்றுதான் முதல் நாளா? நினைத்தேன். கதவைச் சாத்தின பிறகும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றீர்களே. நான் அப்படி நின்றதில்லை, ஆனால் நிற்கிற அம்மாமாரை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கறுப்புக் கதவைத் தாண்டி நாம் போகக்கூடாது. ஹம்ஸவேணி டீச்சருடைய சட்டம். "அம்மா மொகத்தப் பாத்தா பிள்ளைக்கு அடவு மறந்துடும்" என்பார். இருக்கலாம். பழைய கட்டடத்தில் நடன வகுப்பு நடந்த காலத்தில் ஒரு அம்மா, பிள்ளைக்குப் பூ சரிந்துவிட்டது என்று பின்னாலேயே போனவர், அப்படியே மேடைக்குப் போய்விட்டாராம். கையில் சீப்போடு. சபையில் பாதிப் பேர் அதுவும் ஒரு பாத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.

உங்கள் பெண்ணுக்கு என்ன வேஷம்?

கல்லா?

சிரிக்கவில்லைங்க. நல்ல வேஷம். பாலம் கட்டுகிற காட்சியில் கல் இல்லாமல் முடியுமா? சாம்பல் நிறத் துணிக்குள் குந்தி உட்கார்ந்துகொள்ள வேண்டும், பாட்டு முடிகிறவரை அசையக்கூடாது, அவ்வளவுதான். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். கல் தொலையாது. நீங்கள் கொடுத்து வைத்தவர். என் பெண் அணில். அணில் என்றால் ஓட்டம்தான். மேடையின் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு, இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு. முதுகில் மூன்று கோடு, பின்னால் ஒரு வால். அந்த வாலைத் தைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெயர் சில்வியா. சில்லு என்று கூப்பிடுவோம். ஆறு வயது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது, சொன்னார்களா? ஆடி முடித்ததும் பிள்ளைகள் தாங்களாகவே வெளியே வர வேண்டும். யாரும் கையைப் பிடித்துக் கூட்டிவர மாட்டார்கள். "மேடைக்குப் போகத் தெரிஞ்ச பிள்ளைக்கு வெளிய வரவும் தெரியணும்." இதுவும் டீச்சர் சொன்னதுதான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பயப்பட ஒன்றுமே இல்லை. உள்ளே முழுக்க போர்டு இருக்கிறது. எனக்குத் தெரியும். வைத்ததே நான்தான்.

ஆமாம், இந்தக் கட்டடத்தில் நீங்கள் பார்க்கிற போர்டு எல்லாமே நான் செய்தவை. அதோ, மிருதங்கம் வரைந்திருக்கிறதே, அது வாத்தியக்காரர்கள் அறைக்கு. சலங்கை வரைந்திருந்தால் மேடைக்கு. வீடு வரைந்திருந்தால் வெளியே போகிற வழி. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். திருச்சியிலேயே இப்படி ஒரு அரங்கம் கிடையாது என்கிறார்கள். பெரிய மேடை, சின்ன மேடை, ஒத்திகைக் கூடம், ஒப்பனை அறைகள், ஒன்றுக்குள் ஒன்றாக நடைவழி. நான் முதல் தடவை வந்தபோது சுவரில் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. சில்லுவை நடனத்தில் சேர்க்க வந்திருந்தேன். டீச்சர் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். திரும்பிப் பார்ப்பாள், கை காட்டலாம் என்று நிற்கிறேன். பார்க்கவே இல்லைங்க. அப்படியே போய்விட்டாள். நல்லதுதான், தைரியமான பிள்ளை.

அன்றைக்குத்தான் செயலாளர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குஞ்சிதபாதம் சார். பார்த்திருப்பீர்கள், வெள்ளை வேட்டி, காதோரம் மட்டும் முடி, எப்போதும் யாரையாவது தேடுகிற மாதிரியே நடப்பார். "வழிகாட்டிப் பலகை செய்றதுக்கு ஒரு ஆள் கிடைக்க மாட்டேங்குதே" என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அதுதான் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு போர்டு செய்துகொண்டிருந்தேன். போய் நின்று, "சார், போர்டு வைக்கிறவங்க எல்லா எடத்துக்கும் போகலாமா?" என்று கேட்டேன். தொழில் முறையில் கேட்டேன். அதெல்லாம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியது.

"போகாம எப்படிம்மா வைக்கிறது?" என்றார். "அட்டை தர்றோம். கழுத்துல மாட்டிக்கிட்டா எந்தக் கதவும் தெறக்கும்."

அப்போதே சம்மதித்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர், ததேயு என்று பெயர், ஓசூரில் வேலை, சனிக்கிழமை வருவார். அவரிடம் சொன்னேன். "சில்லு பின்னாடி போறதுக்கு உனக்கு ஒரு அட்டை கெடச்சிருச்சு" என்றார். ஆண்களுக்கு நம் வேலை எப்போதும் கேலிதான். வேளாங்கண்ணிக் கதையையும் இழுப்பார். அது ஒன்றுமில்லை, போன வருஷம் கொடியேற்றத்தன்று கூட்டத்தில் சில்லு என் கையை விட்டுவிட்டாள். நான் விடவில்லை, அவள்தான் விட்டாள். அப்புறம் பார்த்தால் ஒரு பொம்மைக் கடையில் உட்கார்ந்து கடைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அஞ்சு நிமிஷம் இருக்கும் என்பார் ததேயு. அஞ்சு நிமிஷமாம். அவரா தேடினார்? மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அதை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என்ன செல்லையா அண்ணே? சரி, சரி. மெதுவாகத்தான் பேசுகிறேன்.

காவலாளி. நல்ல மனிதர். உள்ளே ஒத்திகை நடக்கிறதாம், சத்தம் கேட்கிறதாம். நான் அதிகம் பேசுகிற ஆளே இல்லை. கான்வென்ட்டில் படித்தவள். சிஸ்டர் யூஜினி வராந்தாவில் வந்தால் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு, இடது ஓரமாக, ஒருவர் பின்னால் ஒருவராக நடப்போம். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் அப்படித்தான்.

அதனால்தான் எனக்கு முதலில் ஒரு சின்னத் தடுமாற்றம் வந்தது. கேளுங்கள்.

முதல் வரைபடம் கொண்டுபோய்க் காட்டினேன். குஞ்சிதபாதம் சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஏம்மா, உள்ள வர்றதுக்கு ஒரே ஒரு போர்டு. வெளிய போறதுக்கு எங்க பாத்தாலும் போர்டு. எங்க கச்சேரி அவ்வளவு மோசமாவா இருக்கும்?" என்றார். ஆஸ்பத்திரிப் பழக்கம் சார் என்றேன். "அதோட எல்லாத்தையும் இடுப்பு ஒசரத்துல வச்சிருக்கீங்களே, எங்க ரசிகர்கள் எல்லாம் முட்டி வலிக்காரங்கம்மா, குனிஞ்சா நிமிர முடியாது." சரி என்று பெரியவர்களுக்கு மேலே ஒன்று, பிள்ளைகளுக்குக் கீழே ஒன்று என்று இரண்டு வரிசையாக மாற்றினேன். உலகத்தில் எங்கேயும் இப்படி இருக்காது. தலைக்கு மேலே எழுத்து, இடுப்புக்குக் கீழே படம்.

அவர்கள் கொடுத்த கட்டட வரைபடத்தில் முன்கூடத்து நடுவில் ஒரு வட்டம் போட்டிருந்தது. தூண் என்று நினைத்தேன். தூணைத் தாண்டி நேரே போனால் அரங்கத்து வாசல். மேலே ஒரு போர்டைத் தொங்கவிட்டு, 'அரங்கம்' என்று எழுதி, நேரே போகச் சொல்லி ஒரு அம்புக்குறி போட்டேன். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

அந்த வட்டம் தூண் இல்லை. நடராஜர்.

பெரிய ஐம்பொன் சிலை. அரங்கம் திறப்பதற்கு முதல் நாள்தான் லாரியில் வந்து இறங்கினார். மாலை போட்டு, விளக்கு வைத்து, அழகாகத்தான் இருந்தார். மறுநாள் முதல் நிகழ்ச்சி. கூட்டம் உள்ளே வருகிறது. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுகிறார்கள். கழற்றிவிட்டுச் சுற்றுகிறார்கள். ஒருவர், இருவர் இல்லை, அத்தனை பேரும். சிலர் ஒரு சுற்று, சிலர் மூன்று. கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். முடித்துவிட்டு அவரவர் நின்ற இடத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறார்கள். மேலே என் போர்டு. 'அரங்கம், நேரே.' சுற்றி வருகிறவருக்கு எதுங்க நேர்? கிழக்கே நின்றவர் கிழக்கே போனார், மேற்கே நின்றவர் மேற்கே போனார். பாதிக் கூட்டம் இதோ இந்தக் கறுப்புக் கதவுக்குள் போய்விட்டது.

உள்ளே ஒப்பனை அறையில் வரிசையாக நாற்காலி போட்டிருந்ததா, ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும் அவர் மனைவியும் அதில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே இரணியனுக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மீசை ஒட்டி, கிரீடம் வைத்து, இரணியன் எழுந்ததும் தாசில்தார் கைதட்டினாராம். "நல்ல புதுமையான நிகழ்ச்சி" என்று வெளியே வந்து சாரிடம் பாராட்டிவிட்டு வீட்டுக்கே போய்விட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லைங்க. எங்கள் கோயிலில் உள்ளே நுழைந்து, தீர்த்தம் தொட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நேரே நடந்தால் பீடம். முழங்கால் போட்டுவிட்டு வந்த வழியே வந்துவிடுவோம். ஒருத்தர் நடுக்கூடத்தில் சிலையை வைத்தால் ஊரே சுற்றி வரும் என்று ஜெசிந்தாவுக்கு எப்படித் தெரியும்? ஜெசிந்தா நான்தான்.

மறுநாள் அவசரமாக ஒரு போர்டு எழுதிக்கொண்டு வந்தேன். 'தயவுசெய்து சுற்றாமல் நேரே செல்லவும்.' குஞ்சிதபாதம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கி, எழுத்து உள்பக்கம் போகிறபடி தன் மார்போடு அணைத்துக்கொண்டார். "அம்மா, இத வேற யாராவது பாத்தாங்களா?" என்றார். இல்லை என்றேன். "பாக்க வேணாம். நான் இந்த ஊர்ல இன்னும் கொஞ்ச நாள் நடமாடணும்."

அப்புறம் நானே ஒரு வாரம் முன்கூடத்தில் நின்று பார்த்தேன். இடப்பக்கமாகப் புறப்பட்டுத்தான் சுற்றுகிறார்கள். சுற்றி முடித்ததும் சாமிக்கு முதுகு காட்டக்கூடாதாம், நாலு அடி பின்னாலேயே நடந்து, அப்புறம்தான் திரும்புகிறார்கள். திரும்புகிற இடத்தில் கண் எங்கே விழுகிறதோ அங்கே போர்டை வைத்தேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒருவர்கூட வழி தவறவில்லை. சுற்றட்டும், கும்பிடட்டும், பின்னால் நடக்கட்டும், திரும்பினால் என் போர்டு இருக்கும்.

சார் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

ஏனா? வேலை முடிந்துவிட்டதே. வேலை முடிந்தால் அட்டையைத் திருப்பித் தர வேண்டும். எனக்கு அட்டை பெரிதில்லை. ஆனால் போர்டு என்பது மாட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை. அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். சலங்கைப் படத்தில் மணிகள் நெருக்கமாக இருந்தன, மாற்றினேன். பச்சை கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது, மாற்றினேன். மிருதங்கம் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று தவில்காரர் ஒருவர் சொன்னார், அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன், அதை மாற்றுவதில் ஒரு மாதம் ஓடிற்று. எல்லாம் செவ்வாய், வியாழன் சாயங்காலம்தான். மற்ற நேரம் எனக்கு வசதிப்படாது.

சில்லுவுக்கு வகுப்பா? ஆமாம், செவ்வாயும் வியாழனும்தான். பார்த்தீர்களா, எப்படிப் பொருந்துகிறது.

இன்று காலையிலும் உள்ளே போயிருந்தேன். இடது பக்கத்து நடைவழியில் ஒரு வீட்டுப் படம். அதில் கூரை ஒரு நூல் சாய்ந்திருந்தது. உங்களுக்குத் தெரியாது, பழகின கண்ணுக்குத் தெரியும். கழற்றிவிட்டேன். திருத்தி நாளைக்கு மாட்டலாம், நாளைக்குத்தான் விழா, விழா அன்று உள்ளே இருந்தால் நல்லது என்று ஒரு எண்ணம். சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வருகிறேன், சார் வாசலில் நிற்கிறார்.

"அம்மா, போர்டெல்லாம் ரொம்ப நல்லாருக்கு. இனிமே கையே வைக்காதீங்க. அட்டையக் குடுத்துடுங்க" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான். "நாளைக்கு வந்து முன்வரிசையில ஒக்காந்து பாப்பா ஆடறதப் பாருங்க." கழற்றிக் கொடுத்தேன். செல்லையா அண்ணன் மேசை மேல்தான் கிடக்கிறது, இங்கிருந்தே தெரிகிறது பாருங்கள், நீல நாடா.

இந்தப் பொட்டலத்தில் இருப்பது அந்த வீட்டுப் போர்டுதான். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக்கு இதைக் காட்டினால் அட்டையைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

சும்மா ஒரு நாளைக்குத்தான். சில்லு அந்தப் பக்கமே போகமாட்டாள். அணில்கள் வலது பக்கமிருந்து புறப்பட்டு, இடது பக்கம் போய், மறுபடி வலது பக்கம் வந்து நிற்கும். பாட்டு இரண்டு தடவை, ஓட்டம் இரண்டு தடவை. வலது பக்கத்திலிருந்து இந்தக் கறுப்புக் கதவு வரைக்கும் வழிநெடுக வீடு வரைந்து வைத்திருக்கிறேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவாள்.

கேட்கிறதா? பாட்டு ஆரம்பித்துவிட்டது. கதவில் காதை வைக்க வேண்டாம், இங்கேயே கேட்கும். கட்டினவர் அப்படிக் கட்டியிருக்கிறார், எங்கே பேசினாலும் எங்கேயோ கேட்கிறது. இப்போது உங்கள் பெண் உட்கார்ந்திருப்பாள். கல்லெல்லாம் நடு மேடையில். அணில் புறப்பட்டிருக்கும். இது முதல் தடவை.

திரும்பப் பாடுகிறார்கள். இது இரண்டாவது. இப்போது இந்தப் பக்கம் ஓடி வருவாள். வால் கழன்றுவிடாமல் இருக்க வேண்டும், ஊக்கு குத்தியிருக்கிறேன். அவ்வளவுதான், முடிந்தது. இதோ வந்துவிடுவார்கள், எழுந்திருங்கள்.

என்ன, மறுபடியும் பாடுகிறார்கள்?

இரண்டு தடவைதானே. நான் உள்ளே இருந்து பார்த்தபோதெல்லாம் இரண்டு தடவைதான். என்ன சொல்கிறீர்கள்? கல் எல்லாம் வந்து உட்கார நேரம் போதவில்லை என்று டீச்சர் நேற்று ஒரு சுற்று கூட்டினாரா? உங்கள் பெண் சொன்னாளா? நேற்று நான் உள்ளே இல்லை, சில்லுவும் என்னிடம் சொல்லவில்லையே. ஒன்றுமே சொல்லமாட்டாள்.

இருங்கள். வலது, இடது. இடது, வலது. மூன்றாவது வலது, இடது.

இடது பக்கம் முடிகிறது.

இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை. இடது நடைவழியும் இதே முன்கூடத்துக்குத்தான் வரும். கொஞ்ச தூரம் நடந்தால் இரண்டாகப் பிரியும். ஒன்று நடராஜரிடம் வரும். இன்னொன்று சாமான் இறக்குகிற வாசலுக்குப் போகும். சாதாரணமாக அதைச் சாத்தித்தான் வைத்திருப்பார்கள். இன்றைக்கு மேடைச் சாமான் வருகிறதென்று காலையில் இருந்து திறந்து கிடக்கிறது, நானே பார்த்தேன், லாரி நிற்கிறது, லாரியைத் தாண்டினால் மெயின் ரோடு. பிரிகிற இடத்தில்தான் அந்த வீடு இருந்தது. இந்த வீடு. இந்தப் பொட்டலம்.

செல்லையா அண்ணே, கதவைக் கொஞ்சம் திறங்க. ஒரே ஒரு போர்டு, மாட்டிட்டு வந்துடறேன்.

அட்டை வேணுமா? அட்டை உங்க மேசையிலதானேண்ணே இருக்கு. சார் வாங்கி வச்சார்னா என்ன, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? சரி, சாரைக் கூப்பிடுங்க. சார் மேடைக்கு முன்னாடி இருக்காரா? நடுவுல போக முடியாதா? டீச்சர் திட்டுவாங்களா? யார் திட்டினா என்னண்ணே, குழந்தை ரோட்டுக்குப் போகுது.

நீங்கள் ஏன் அழுகிறீர்கள்? உங்கள் பெண் கல். கல்லை யாராவது பார்த்துக்கொள்வார்கள். அழாதீர்கள். நான் அழுகிறேனா பாருங்கள். நான் வெளியே சுற்றிப் போய் லாரி வாசலில் நிற்கலாம். ஆனால் நான் அங்கே போய், அவள் இங்கே வந்து, பெஞ்சு காலியாக இருந்தால்? நீங்கள் இருப்பீர்கள், சரி, ஆனால் உங்களை அவளுக்குத் தெரியாதே. வெள்ளைச் சேலை கட்டியிருக்கிற ஆன்ட்டி என்று யார் சொல்வது? நீங்கள் அங்கே போகிறீர்களா? உங்களுக்கு வழி தெரியாது. நான் சொன்னாலும் புரியாது, இந்தக் கட்டடம் அப்படி. இரண்டு பேரும் இங்கேயே இருப்போம். பாட்டு நின்றுவிட்டது, கேட்டீர்களா? இப்போது நடந்துகொண்டிருப்பாள். அவள் வேகமாக நடப்பாள், திரும்பிப் பார்க்கவே மாட்டாள், அதுதான் அவள் குணம். பொம்மைக் கடையில் என்ன சொன்னாள் தெரியுமா? நான் மூச்சு வாங்க ஓடிப்போய் நிற்கிறேன், "எங்கம்மா போன?" என்கிறாள். நான் போனேனாம். நான்தான் தொலைந்தேனாம். கூரை சாய்ந்தால் என்ன, யார் பார்த்தார்கள், ஒரு நூல் சாய்ந்த வீட்டில் குடியிருக்க முடியாதா? மாட்டின போர்டைக் கழற்றுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். இல்லைண்ணே, மெதுவாப் பேச முடியாது. உள்ள கேட்டாக் கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். ஏங்க, உட்காருங்கள், நீங்கள் நின்றால் எனக்கும் படபடப்பாக இருக்கிறது, நான் பாட்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தேன், உங்கள் பெண் மூன்றாவது சுற்று என்று சொன்னாள் என்று நீங்கள் சொன்னதும்தான்...

அது யார்?

அங்கே, நடராஜருக்குப் பின்னால். வால் தெரிகிறது.

ஆண்டவரே, அதுவும் சுற்றுகிறது பாருங்கள். அவசரமில்லாமல். ஒரு சுற்று முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பின்னாலேயே நடக்கிறது. இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கையில் என்ன, சாம்பல் துணி. உங்கள் பெண்ணா? கல்லையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

வாடி. வா. ஒன்றுமில்லை, மை கலைந்திருக்கிறது, துடைக்கிறேன். கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், என்ன இப்போது? மூச்சு முட்டுகிறதா, சரி. எப்படிடி வந்தாய்? அங்கே போர்டு இல்லையே. எந்தப் பக்கம் திரும்புவது என்று எப்படித் தெரிந்தது?

என்ன சொல்கிறாள் கேட்டீர்களா?

இன்னொரு தடவை சொல். ஆன்ட்டிக்கும் கேட்கட்டும்.

"போர்டா? எந்த போர்டு? நீ பேசறது அங்க வரைக்கும் கேக்குதும்மா. சத்தம் வர்ற பக்கமா வந்தோம். எப்பவும் அப்படித்தான் வருவேன்."

எப்பவுமா?

எத்தனை நாளாக? போர்டே பார்த்ததில்லையா? வீடு வரைந்திருந்ததே, இடுப்பு உயரத்தில், உனக்காக... பிள்ளைகளுக்காக வரைந்திருந்ததே. அது வீடா? என்னவென்று நினைத்தாய்? தபால் கவர் என்றா?

சும்மா சொல்கிறாளுங்க. போர்டைப் பார்த்திருப்பாள். பார்த்தது தெரியாமலே பார்த்திருப்பாள். நல்ல போர்டு என்றால் அப்படித்தான், பார்த்ததே தெரியக்கூடாது.

செல்லையா அண்ணே, இந்தாங்க. பொட்டலம். சார் வந்ததும் குடுத்துடுங்க. இடது பக்கத்து நடைவழி, பிரியிற எடம், ஆணி அங்கேயே இருக்கு. கூரையெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க. இல்லண்ணே, அட்டை வேணாம். அவரே மாட்டிக்கட்டும்.

உங்கள் பெண் ஏன் நெளிகிறாள்? ஒன்றுக்கு வருகிறதா? பாவம், கல்லாக இருந்தாளே, அத்தனை நேரமும் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கழிப்பறை அந்தக் கோடியில்தான். நடராஜரைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, ஒரு சின்ன நடைவழி, அப்புறம்... இருங்கள், நானே வருகிறேன்.

வேண்டாமா? நீ கூட்டிப் போகிறாயா?

தனியாகவா?

சரி. போ. ஆன்ட்டி கையையும் பிடித்துக்கொள், அவர்களுக்கு வழி தெரியாது. ஓடாதே. சரி, ஓடு. போங்கள், பயப்படாதீர்கள், அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வரவில்லை. நான் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். திரும்பி வர வழி தெரிய வேண்டுமே.

ஏண்ணே, உங்களுக்குச் சொந்த ஊர் எது?